பதினாறு நிறத்தில் தனக்கோட்டியின் கால்

லைன் அறுந்தது. நான்காவது முறை. 2005 கோடை. மரக்காணத்தில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் சென்டரில், மெயிலில் பாதி போன போட்டோ திரும்பவும் நின்றது.

படத்தில் இருந்தது தனக்கோட்டியக்காவின் கால். உப்பளத்தில் வேலை. பாத்தியில் கிழித்த காயம், உடம்பில் சர்க்கரை. மருத்துவ முகாமுக்கு வந்த புதுச்சேரி டாக்டர், "காயம் மாறுனா போட்டோ அனுப்புங்க, வரணுமான்னு சொல்றேன்" என்றிருந்தார். காலையில் அளத்துக்கே போய் எடுத்து வந்தேன். அக்காவும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, எல்லாரும் காத்துனு இருக்காங்க. கலரைக் கொறச்சி அனுப்பு," என்றார் ஓனர் அந்தோணி.

அது எனக்குக் கைவந்த வேலை. படத்தின் எல்லா நிறங்களையும் எண்ணிச் சிலதாகச் சுருக்கும் இன்டெக்ஸ்டு கலர், பதினாறு, ஓகே. ஃபைல் இளைத்தது, மெயில் பறந்தது.

ஒரு மணி நேரத்தில் பதில்: காயத்தைச் சுற்றிச் சிவப்பு இல்லை, அடுத்த வாரம் வரலாம்.

படித்துக் காட்டினேன். அக்கா சிரித்தார். "செவப்பு இல்லியாமா? முட்டி வரைக்கும் எரியுது தம்பி. நீயே பாரு."

பார்த்தேன். கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது சிவப்பு. திரையில் கால் முழுக்க ஒரே பழுப்பு.

எங்கள் பக்கம் யாரைப் படம் எடுத்தாலும் உப்புக் குவியலுக்கு முன்னால் நிறுத்துவோம். ஸ்டுடியோ திரை போல வெளுப்பு. இந்தக் காலையும் அப்படித்தான் எடுத்திருந்தேன். உப்பு ஒரே வெள்ளை என்பது நம் கண்ணுக்கு. கேமராவுக்கு அதில் நீலம், சாம்பல், மஞ்சள். படத்தில் எது அதிக இடம் பிடிக்கிறதோ அதற்கே சாஃப்ட்வேர் நிறங்களை அள்ளிக் கொடுக்கும். உப்பும் வானமும் வாரிக்கொண்டன. காலுக்கு மிஞ்சியது இரண்டு பழுப்பு. சிவப்பு அதில் கரைந்துபோனது.

ஒரிஜினலைத் திறந்தேன். உப்பை வெட்டினேன். வானத்தை வெட்டினேன். பாதத்திலிருந்து முட்டிவரை மட்டும். ஃபைல் தானாகவே இளைத்தது, நிறத்தைத் தொடத் தேவையே வரவில்லை. அனுப்பிவிட்டு டாக்டருக்கு போன் போட்டேன்.

"சார், மொதல்ல வந்தது தப்புங்க. இப்ப அனுப்பியிருக்கறதைப் பாருங்க."

மெயிலைத் திறக்கும் மௌஸ் சத்தம் கேட்டது. பிறகு, "உடனே கூட்டிட்டு வாங்க. இப்பவே."

"அளத்துல சொல்லிட்டு வரட்டுமா?" என்று எழுந்தார் அக்கா.

"அதெல்லாம் நான் சொல்லிக்கறேன். நீ வண்டியில ஏறும்மா," என்று ஸ்கூட்டரை உதைத்தார் அந்தோணி.

இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

நிறத்தைக் குறைக்குமுன் வேண்டாததை வெட்டுங்கள். படத்தில் எது முக்கியம் என்று மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அக்கா சொல்லும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, பெஞ்சுக்குக் கீழே இருந்தது.