விட்டுட்டேன் என்றொரு வார்த்தை

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. யோசித்துப் பாருங்கள், லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிற கட்டடத்துக்கு அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? நின்றுபோன பிறகுதான் அவன் ஞாபகமே வரும். அவனோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உச்சியில் இருக்கும் மெஷின் ரூம் வரை படியேறிச் சாக வேண்டும். நம்முடைய ஆள் அப்படி ஏறியது இருபத்தாறு வருஷம். நாலு மாடிக்கு ஒரு தடவை நிற்பார். நின்ற இடத்தில் இளைப்பாற ஒரு சிகரெட். மூச்சு வாங்குவதே அந்தச் சனியனால்தான், அந்த மூச்சை ஆற்றவும் அதுவேதான் மருந்து! இப்படி ஒரு வைத்தியத்தை எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

கம்பெனியில் அவருக்குப் பெயர் புகைவண்டி. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், திரும்பிப் பார்ப்பார். அவரோடு ஜோடியாக வேலை பார்ப்பது அவர் மனைவியின் தம்பி. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உச்சியில் மோட்டாரோடு, மற்றவர் கீழே கதவோடு. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு "பிடி", "விடு" என்று கத்துவதுதான் இருவருக்கும் பாதிப் பேச்சு.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஊருக்கெல்லாம் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்தால் அந்த இருமலையே கேட்டுக்கொண்டு சமைப்பாள். கல்யாணமான புதிதில் கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள், மகள் பிறந்த வருஷம் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். எல்லாம் கல்லில் நார் உரித்த கதைதான். எட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், சாம்பல் தட்ட ஒரு பழைய டப்பாவில் மணலை நிரப்பிப் பால்கனியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனுஷர் அதைத் தன் வெற்றி என்று நினைத்துக்கொண்டார். மனைவி திட்டுவதை நிறுத்தினால் பயப்பட வேண்டும் என்கிற அறிவு சில ஆண்களுக்குக் கடைசிவரை வருவதில்லை.

அன்றைக்கு ஒன்பது மாடிக் கட்டடம். மோட்டாரைச் சரிசெய்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவினார். காலி. பேன்ட் பையும் காலி. கருவிப் பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார். பாக்கெட் ஆபீஸ் மேஜை மேல் கிடக்கிறது என்று உறைத்த நேரத்தில் மனைவியின் ஃபோன்.

"சாப்பிட்டீங்களா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அட போ நீ வேற! சிகரெட்டை விட்டுட்டேன்..."

'ஆபீஸ்ல' என்று அவர் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அந்தக் கட்டடத்து மெஷின் ரூமில் சிக்னல் வந்து வந்து போகும். கீழே கதவு வேலை முடியாததால் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை; எரிச்சலோடு ஒன்பது மாடியையும் படியில் இறங்கினார். கீழே வந்தால், மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா! அக்கா இப்பத்தான் ஃபோன் பண்ணுச்சு. சொல்லவே இல்லையே நீங்க!"

"என்னடா சொல்லல?"

"சிகரெட்டை விட்டுட்டீங்களாமே! அக்கா அழுவுது மாமா. பேச்சே வரல அதுக்கு."

புகைவண்டிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. "டேய், ஆபீஸ்ல விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்ல வந்தேன்டா!"

மச்சான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் ஃபோனை நீட்டினான். "இந்தாங்க. அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் ஃபோனை வாங்கினார். மனைவி அழுது அவர் கேட்டது மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு தடவைதான். எண்ணைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சாயங்காலம் நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார்.

எங்கே சொல்வது? வீட்டுக்குப் போனபோது பால்கனியில் டப்பா இல்லை. அந்த மணலில் ஒரு செடி நட்டு, ஜன்னலோரம் வைத்திருந்தாள். வேறு ஊரில் இருக்கும் மகள் ஃபோனில் "அப்பா, நீ சூப்பர்ப்பா" என்று விம்மினாள். எதிர்வீட்டுக்காரர் கை கொடுத்தார். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், தன் வியாபாரம் கெடுவதைக்கூடப் பார்க்காமல், "உங்க வீட்டம்மா சொன்னாங்க சார், இனிமே உங்களுக்கு இங்க மிட்டாய்தான்" என்று சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் உண்டு. நம்மவர் பாதி வாய் கொடுத்தே மாட்டிக்கொண்டார்.

முதல் வாரம் நரகம். கை சும்மா இருக்காது, வாய் சும்மா இருக்காது, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். மனைவி ஒரு சின்ன டப்பியில் கிராம்பு போட்டுச் சட்டைப்பையில் வைத்தாள். மகள் தினமும் காலையில் "இன்னைக்கு அஞ்சாவது நாள்", "இன்னைக்கு ஆறாவது நாள்" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கும் ஒன்றிரண்டு பிடிக்கிற பழக்கம் உண்டு. அவன் தன் பாக்கெட்டை வண்டியில் பூட்டிவிட்டுத்தான் இவரோடு வேலைக்கு வருவான்.

"ஒண்ணே ஒண்ணு குடுடா மாப்ள. அவளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே மாமா. ரெண்டு பேரும் சேர்ந்து அதை ஏமாத்தணுமா?"

பன்னிரண்டாவது நாள் தோற்றுப்போனார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது மனுஷன் கதை ஆகாது. யாரும் தெரியாத தெருவில் ஒன்று வாங்கி, ஒரு சந்துக்குள் நின்று பாதி இழுத்தார். அத்தனை நாள் ஏங்கிய சுகம் அதில் இல்லை. மனைவி வைத்த கிராம்பு டப்பி மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. மீதியைக் காலில் போட்டு நசுக்கினார். வீட்டில் அவள் பக்கத்தில் உட்காராமல், குளித்துவிட்டுப் படுத்துவிட்டார். 'உடம்பு சரியில்லையோ' என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத ஒன்றுக்கு இவள் இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, இதை உண்மையாக்கிவிட்டால்தான் என்ன என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தார். அதுவரை சிகரெட் இல்லாமல் இருந்ததெல்லாம் வெறும் வீம்பு.

ஒரு மாதம் தாண்டியது. ஒரு மத்தியானம் பதினொரு மாடிக் கட்டடத்தில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். நிறைமாதம். மச்சான் ஆறாவது மாடிக் கதவருகில் நின்று அவளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, புகைவண்டி படியேறினார். மெஷின் ரூமில் கரன்ட்டை நிறுத்தி, ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைத் திருப்பினார்.

"விடுங்க மாமா... இன்னும் கொஞ்சம் விடுங்க... பிடி, பிடி! வந்துட்டாங்க!"

அந்தப் பெண்ணின் புருஷன் அவர் பின்னாலேயே ஏறியவன், எட்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். "எப்படி சார் நிக்காம ஏறினீங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டே உயர்ந்த ரக சிகரெட் ஒன்றை நன்றியோடு நீட்டினான். அவர் கையெல்லாம் கிரீஸ். வேண்டாம் என்று சொல்லி அவன் மனதை நோகடிக்கவும் தோன்றவில்லை. இரண்டு விரல் நுனியால் வாங்கிக் காதில் சொருகிக்கொண்டார். பிறகு கதவுச் சட்டத்தைச் சரிபார்க்கவும், கட்டடக்காரரோடு சண்டை போடவுமே பொழுது போய்விட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்த மனைவியின் முகம் அப்படியே மாறிப்போனது.

"என்னங்க இது?"

"எது?"

அவள் கை நீட்டி அவர் காதிலிருந்து அதை எடுத்தாள். அவர் அதையே பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினார்.

"அன்னைக்கு நான் சிகரெட்டை விடல. ஆபீஸ்ல மறந்து வச்சுட்டு வந்தேன், அதைத்தான் சொல்ல வந்தேன். நீ அழுதேன்னு கேட்டதும் சொல்ல வாய் வரல. நடுவுல ஒரு நாள் பாதி குடிச்சேன். இது பத்த வைக்கல, சத்தியமா."

"பத்த வைக்காம எதுக்குக் காதுல வச்சிருக்கீங்க?"

"கையில கிரீஸ்னு காதுல வச்சேன். அப்புறம்..." சொல்ல வந்ததை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அப்புறம் மறந்தே போயிட்டேன்."

"எப்ப வச்சது?"

"மத்தியானம்."

மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை, காதில் சிகரெட்டை வைத்துக்கொண்டு, அதை மறந்திருக்கிறார் புகைவண்டி! அவள் சிகரெட்டை இரண்டாக முறித்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரித்தாள். ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பா சிகரெட்டை விட்டுட்டாருடி."

"அதான் போன மாசமே சொன்னியேம்மா?"

"அது நான் சொன்னது" என்றாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே. "விட்டது இன்னைக்குத்தான்."