பட்டர் பேப்பரை உருவச் சொன்னவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். நம் கார்ட்டூன் படத்துக்காகக் கையால் வரைந்த சித்திரங்கள் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன என்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். கும்மிடிப்பூண்டி குடோனைப் பார்த்துக்கொண்டவர்கள் பெட்டிகளை மேலே தூக்கி வைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். பார்த்துக்கொண்டது நான்தான்.

அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டியவர்களில் நானும் ஒருத்தி. தினமும் பொன்னேரியில் ரயிலேறி சென்னைக்கு வருவேன். பிளாஸ்டிக் தாளில் முன்பக்கம் கோடு இருக்கும், பின்பக்கம் நாங்கள் பெயிண்ட் அடிப்போம். ஓர் எருமைக்கன்று தலையைத் திருப்புவதற்கு ஒரு கட்டுத் தாள் ஆகும். கம்ப்யூட்டர் வந்ததும் பிரஷ்ஷுக்கு வேலை போனது. பொன்னேரிக்காரிக்குப் பக்கம்தானே என்று என்னைக் குடோனுக்கு அனுப்பினீர்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்து அடுக்கியிருந்தோம். இல்லாவிட்டால் சூட்டில் பெயிண்ட் இளகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். எங்களுடையது தகரக் கூரை. பக்கத்தில் இரும்பு உருக்குகிறார்கள்.

பாதிக் குடோனை ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு வாடகைக்கு விட முடிவு செய்த பிறகுதான் நீங்கள் அந்தப் பக்கம் வந்தீர்கள்.

“இந்த பேப்பர்தான் பாதி இடத்தை அடைக்குது. எல்லாத்தையும் உருவிடுங்க.”

“வேணாம் சார், வெயில்ல ஒட்டிக்கும்.”

“எப்பவோ காஞ்ச பெயிண்ட். இனிமே எப்படிம்மா ஒட்டும்?”

நீங்கள் காரில் ஏறியதும், என்னோடு வேலை செய்த அக்கா சிரித்தார். “அவரு ஏசி ரூம்ல எங்கடி ஒட்டப்போவுது? பேஜாரு பண்ணாத, உருவு.”

உருவினோம். ஒரு பெட்டியை மட்டும் நான் தொடவில்லை. அது எருமைக்கன்றுப் பெட்டி. மற்றவை மேல் ரேக்கில் இருந்தன, இதை அடி ரேக்கில் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். மற்றப் பெட்டிகளையும் அப்படிக் காப்பாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சித்திரை வெயிலில் ஒரு கட்டைத் திறந்தேன். மேல் தாளைத் தூக்கினால் வெறும் கோடுதான் வந்தது. பெயிண்ட் கீழ்த் தாளில் நின்றுவிட்டது. மற்றக் கட்டுகள் பலகை மாதிரி இறுகிக் கிடந்தன. உங்களுக்குப் போன் செய்து சொன்னேன். “சரி, அப்படியே இருக்கட்டும்” என்று வைத்துவிட்டீர்கள்.

வெள்ளம் வந்தது அதற்குப் பிறகு. நானும் அக்காவும் வாசலில் மணல் மூட்டை போட்டோம். தண்ணீர் படியோடு நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

உங்கள் பேச்சை அக்காதான் போனில் காட்டினார். “பாத்தியாடி, நம்மளயும் சேத்து வெள்ளத்துல வுட்டுட்டாரு.” இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் என் வீட்டிலும் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். “இன்னாமா, நீ தூங்கிக்கினு இருந்தியா?” என்று என் மகளே கேட்டாள்.

நேற்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். பட்டர் பேப்பர் பழுத்திருக்கிறது, தாள்கள் தனித்தனியாக வருகின்றன. வரிசையாகத் தள்ளினால் கன்று தலையைத் திருப்புகிறது. மேல் ரேக்கை நாசம் செய்த வெள்ளம் அடி ரேக்கை எப்படி சார் விட்டுவைத்தது?

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் அதே மேடையில் ஏறுங்கள். கூட்டத்துக்கு முன்னால் அதைத் திறந்துவிட்டு, அதே மைக்கில் சொல்லுங்கள்: பட்டர் பேப்பரை உருவச் சொன்னது யார்?