ராக்காயி எங்கே இருந்தாள்?

ராக்காயியின் பேரில் அரசாங்கத்துக்கு என்ன அப்படியோர் அக்கறையோ! அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று எழுதிவைக்கவே ஓர் ஆளைப் போட்டிருந்தது. பெயர் திங்கிரிபண்டா, சிங்களவர். தோட்டத்துச் சனங்கள் எல்லாப் பொலிஸ்காரரையும் கூப்பிடுவதுபோல அவரையும் ராலாமி என்றுதான் கூப்பிட்டார்கள். உளவு பார்க்க வருகிறவர் அல்லவா, சாரம் கட்டி, குடை பிடித்துக்கொண்டு சாதாரண ஆளாகத்தான் வருவார். ஆனால் சாரத்துக்குக் கீழே பொலிஸ் சப்பாத்து பளபளக்கும். அதைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

ராக்காயி இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி. அவள் செய்த ராஜதுரோகம் இவ்வளவுதான்: தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றுங்கள் என்பாள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கண்டபடி எடையைக் கழிக்காதீர்கள் என்பாள். அவள் பேசிய கூட்டத்தில் யாரும் ஒரு கல்லைக்கூடக் கையில் எடுத்ததில்லை. ராலாமி ஓரமாக நின்று எழுதுவார். பேச்சு புரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடமே அர்த்தம் கேட்டுக்கொள்வார்.

இதெல்லாம் சிரிப்புக்குத்தான் சரி. அவள் லயத்து வரிசையில் எந்த வீட்டுக்குள் போய் வந்தாலும், மறுநாள் ராலாமி அந்த வீட்டு வாசலில் நிற்பார். "ராக்காயி என்ன பேசினது?" என்பார். அதற்குப் பயந்தே சனங்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்தின. பக்கத்துக் காம்பரா மீனம்மா தன் மகளின் கலியாணத்துக்கு எல்லாரையும் அழைத்தாள், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளை மட்டும் அழைக்கவில்லை. ராக்காயி அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கொழுந்து மலையில் தலையைக் குனிந்துகொண்டு நாள் முழுக்க அழுதாள்.

நாற்பத்து மூன்றாம் வருடம், சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்குத் தோட்டத்துத் துரை அவளுக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டுக் கொடுத்து வெளியே அனுப்பினார். புருஷன் இராமையா அதற்கு முந்தின வருடம்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். கைக்குழந்தை பூரணியைத் தூக்கிக்கொண்டு, கொட்டகலைப் பக்கம் வேலை செய்த தம்பி அழகுமுத்துவின் லயத்துக்குப் போனாள். அங்கே வேலையாட்கள் பதிவான செக்ரோலில் அவள் பேர் இல்லை. அரிசிக் கூப்பனும் இல்லை. யுத்த காலத்து அரை வயிற்றுச் சோற்றைத் தம்பி குடும்பம் அவளோடு பகிர்ந்துகொண்டது. சங்கம் வழக்காடி வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் ஞாயிறு தவறாமல் ராக்காயியைத் தேடி வந்தவர் திங்கிரிபண்டா ஒருவர்தான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த கூட்டம் என்று, தோட்டத்துச் சனத்துக்கு இருந்த நாடும் போனது. பிரஜாவுரிமை வேண்டுமானால் மனுப் போடவேண்டும். இத்தனை வருடம் இங்கேயே இருந்தேன் என்று நிரூபிக்கவேண்டும். இடையில் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் மனு செல்லாது. ராக்காயி தனக்கும் பூரணிக்குமாக மனுப் போட்டாள். நாலு வருடம் கழித்து, ஐம்பத்தைந்தில், ஹட்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அவளைப் பார்த்து, "நாப்பத்தி மூணுலேருந்து பதினாலு மாசம் ஒன் பேரு எந்தத் தோட்டத்துலயும் இல்ல. நீ இந்தியாவுக்குப் போயிருக்கேங்கிறாரு ஐயா" என்றார்.

"இல்லைங்க. கொட்டகலயில எந் தம்பி லயத்துல இருந்தேங்க."

"தம்பி சொல்றது எடுபடாது. எழுத்துல இருக்கா?"

எழுத்தில் எங்கே இருக்கும்? மூன்று வாரத் தவணை கொடுத்தார்கள். கொட்டகலைத் தோட்டத்து ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். மலையிறங்கி வரும்போதுதான் ராக்காயிக்குப் பொறி தட்டியது. எழுதி வைத்த ஆள் ஒருவர் இருக்கிறாரே!

அடுத்த ஞாயிறு நோர்வூட் கூட்டத்தில் அவரிடம் நேரே போனாள். திங்கிரிபண்டா இப்போது சார்ஜன்ட். தலை நரைத்திருந்தது; சப்பாத்து மட்டும் அதே பளபளப்பு.

"ராலாமி, நாப்பத்தி மூணுல நான் எங்க இருந்தேன்?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "கொட்டகல. தம்பி லயம். எல்லா ஞாயிறும் நான் வந்தது. ஒரே மழை. நமக்கு நெஞ்சுச்சளி புடிச்சது."

"அத ஹட்டன்ல வந்து சொல்றீங்களா? இல்லேன்னா எம் பிள்ளைக்கு நாடில்லாமப் போயிரும்."

அவர் முகம் சுருங்கியது. "ஏலாது அம்மே. அது ரகசியம். சொன்னா நம்ம வேலை போறது."

"என்னயப் பத்தி எழுதினது எனக்கே ரகசியமா?"

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பயந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாம் விசாரணைக்கு வெறுங்கையோடு போனாள். அதிகாரி அன்றைக்கு வேறொரு கோப்பைப் பிரித்தார். மொழிபெயர்ப்பாளர் குரலை உயர்த்தினார்.

"பொலிஸ் அறிக்கை வந்திருக்கு. நீ பெரிய கலகக்காரியாமே! நாப்பத்தி மூணு, ஏழாம் மாசம் பதினொண்ணாந் தேதி, கொட்டகலயில கூட்டம் போட்டுச் சனத்தத் தூண்டிவிட்டே. அடுத்த ஞாயிறும் அங்கதான். அதுக்கடுத்த ஞாயிறும் அங்கதான். இப்படி அடுத்த வருஷம் வரைக்கும். ஆமாவா, இல்லையா?"

ராக்காயி தன் காதையே நம்பவில்லை. "ஆமாங்க! நூறு தடவ ஆமாங்க! நான் இங்கதான் இருந்தேன்னு ஒங்க கடுதாசியே சொல்லுதுங்களே!"

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு கோப்பை மூடினார். அது இரகசிய அறிக்கை, சாட்சியமாக ஏற்க முடியாது என்றார்.

"அப்ப என்னயக் கலகக்காரின்னு சொல்றதுக்கு மட்டும் ஆகுமுங்களா?"

இதை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. வசிப்பிடம் நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. ராக்காயி மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இராமையா செத்த அன்றைக்குப் பிறகு அவளாக வேலைக்குப் போகாமல் நின்றது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மாவுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. ஒருநாளும் சங்கப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் அவள்.

ஞாயிறு வந்தது. கூட்டத்தில் ராக்காயி வாங்குப் பலகைமேல் ஏறி, ஓரமாக நின்றவரைப் பார்த்துத்தான் பேச்சையே தொடங்கினாள்.

"ராலாமி, எழுதிக்குங்க. ஞாயித்துக்கெழம. பத்தாம் மாசம் பதினாறாந் தேதி, அம்பத்தஞ்சு. எடம் நோர்வூட். ராக்காயி, இராமையா பொண்டாட்டி. மக பூரணி, இந்தா பக்கத்துல நிக்கிறா. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."

பின்வரிசையில் மீனம்மா எழுந்தாள். ராலாமி பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற அதே மீனம்மா.

"எம் பேரயும் எழுதிக்குங்க. நானும் இங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு ஆளாளுக்கு எழுந்து பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். திங்கிரிபண்டா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டார்.

"மெதுவா சொல்லுங்க," என்றார். "ஒண்ணும் விடாம நான் எழுதுறது."