அருகம்புல் மட்டும் முளைக்கிற திடல்

போன சனிக்கிழமை நான் கிள்ளானுக்குப் போனதற்குக் காரணம் ஒரு கிளாஸ் அருகம்புல் சாறு. பிரிக்பீல்ட்ஸில் நான் தினமும் குடிக்கும் சாற்றுக்குக் கிள்ளான் பக்கத் திடல் ஒன்றிலிருந்து புல் வெட்டித் தருபவர் லெட்சுமி. "அந்தத் திடல்ல வேற புல்லே முளைக்காது அங்கிள், அருகு மட்டும்தான். பிள்ளையாரு தனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரு" என்றார். உலக அதிசயம் ஒன்று ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது வீட்டில் உட்காருவேனா?

கேஎல் சென்ட்ரலில் காலை 8.10க்குக் கோமுட்டர் ரயில். கட்டணம் ஐந்து வெள்ளிக்குள். குளிர்சாதனம் இமயமலைக் கணக்கு. சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் என் மீசையில் பனி உறைந்துவிட்டது. கிள்ளான் நிலையத்திலிருந்து வாடகைக் காரில் ஒன்பது கிலோமீட்டர், பதினான்கு வெள்ளி. "அங்க என்னா பாஸ் இருக்கு? பழைய பேட்டரி ஒடச்சு உருக்குன எடம் லா அது" என்றார் ஓட்டுநர். ஆன்மிகம் அறியாதவர் என்று மன்னித்தேன்.

திடலின் ஓரங்களில் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. மூடிக்கிடக்கும் தொழிற்சாலைச் சுவரை நெருங்க நெருங்க அதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் மண். அதில் திட்டுத் திட்டாக அருகு. ஓர் எறும்பைக்கூடக் காணோம்.

லெட்சுமி அரிவாளோடு குந்தியிருந்தார். அருகே ஒரு பெண் இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். பெயர் மேரி, பல்கலைக்கழக ஆய்வுக்கு மண் எடுக்கிறாராம்.

"புதையலாம்மா?" என்றேன்.

"ஈயம் அங்கிள். காட்மியமும் இருக்கலாம். மத்த புல்லெல்லாம் தாங்காது. அருகு தாங்கிக்கும். வேர்ல பிடிச்சு வச்சுக்கும், இலைக்கும் கொஞ்சம் ஏத்திக்கும்."

"இவ்வளவு பச்சையா இருக்கே!"

"பச்சையா இருந்தா நல்லதுன்னு யாரு சொன்னா?"

நான்தான். இரண்டு வருடமாக, பிரிக்பீல்ட்ஸ் முழுக்க, ஒலிபெருக்கி ஒன்றுதான் குறை.

லெட்சுமி எழுந்தார். "கழுவினா போயிடும்தானே?"

"மேல உள்ள தூசி போகும் ஆன்டி. உள்ள ஏறினது போகாது. ஏன்?"

"என் மக மாசமா இருக்கா. அஞ்சாம் மாசம். தெனம் ஒரு கிளாஸ் குடுக்கிறேன்."

வாயில் தயாராக வைத்திருந்த ஒன்பது நகைச்சுவைகளையும் விழுங்கிவிட்டேன்.

"உடனே நிறுத்துங்க. இன்னைக்கே கிளினிக் போயி, ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு கேளுங்க" என்றார் மேரி.

லெட்சுமி கைப்பேசியை எடுத்தார். "சரசு, சாறு குடிச்சிட்டியா? குடிக்காத. சிங்க்ல ஊத்து லா. ஆமா, குடிக்கச் சொன்னதும் நான்தான், ஊத்தச் சொல்றதும் நான்தான்!"

பிறகு, அன்று வெட்டிய புல்லுக்கட்டை மேரியிடம் நீட்டினார். "இதையும் சோதிச்சுப் பாரு."

மேரி பிளாஸ்டிக் பையில் போட்டுப் பேனாவை எடுத்தார். "எந்த எடத்துப் புல்லுன்னு எழுதட்டும்?"

"என் மகளுக்கு வெட்டினதுன்னு எழுது."

போக நினைப்பவர்களுக்கு: மூடிய காலணி போடுங்கள், திரும்பியதும் அதை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கை கழுவுங்கள். அருகம்புல் வாங்கினால், எங்கே வெட்டியது என்று கேளுங்கள். அந்தச் சாற்றை நாற்பது பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். இந்த எண்ணில் மட்டும் மிகை இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினேழு வீடு. இதை எழுதும் புதன்கிழமை காலை வரை சரசுவின் ரத்த முடிவு வரவில்லை.