தூங்குவது போலக் கிடந்த மத்தியானங்கள்

எனக்கு வந்த நோயைவிட, அதை விசாரிக்க வந்தவர்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தார்கள். இப்படிச் சொன்னால் என் மகள்கூட முறைக்கிறாள். முறைக்கட்டும். அந்தக் கட்டிலில் கிடந்தது அவள் இல்லை, நான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில்தான் வேலை. என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான். மெட்ராசில் என் இடது மார்பை எடுத்துவிட்டு, கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, அனுப்பியிருந்தார்கள். என்னிடம் "கட்டி" என்று மட்டும் சொன்னார்கள். மார்பையே அறுத்து எடுக்கிற கட்டி என்ன கட்டி என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது டாக்டரம்மா என் கணவரிடம், "இவங்களுக்கு ரொம்ப அசதி இருக்கும். தூக்கம் எப்ப வந்தாலும் தூங்க விடுங்க, எழுப்பாதீங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார். ஊருக்கு வந்ததும் தன் அம்மாவிடம் சொன்னார். மாமியும் தலையை ஆட்டினார்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு நோயாளியைப் போய் விசாரிப்பது பெரிய நன்மை. வந்தவர்களை வாசலோடு அனுப்பினால் அந்த நன்மையைத் தட்டிப் பறித்த பாவம் நமக்கு. அதனால் என் கட்டிலை உள்ளறையில் போடாமல், வருகிறவர்களுக்கு வசதியாக முன்கூடத்தில் போட்டார்கள். சமையலை முடித்த கையோடு பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். இமை ஒட்டியதும் மாமி தோளைத் தட்டுவார்.

"ஏம்மா, எந்திரி. ஒன்னையப் பாக்க எரியோட்டுலருந்து வந்துருக்காக."

எழுந்து உட்கார வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எப்படித் தெரிந்தது, வலித்ததா என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர்கள் அழுவார்கள், நான் ஆறுதல் சொல்ல வேண்டும். "அல்லா ஷிபாவக் குடுப்பான்" என்று நோய் தீர துஆ செய்துவிட்டு அவர்கள் செருப்பு மாட்டும்போதே அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அவர்கள் கொண்டுவந்த சிறுமலைப் பழமும் பன்னும் ஜன்னல் திட்டில் குவிந்து ஈ மொய்த்தன.

சரி, இரவிலாவது தூங்கினேனா என்றால் அதுவும் இல்லை. கரண்டு வைத்த இடம் காந்தும், புரண்டு படுக்க முடியாது. எனக்குக் கிடைக்கக்கூடியது பகல் தூக்கம் ஒன்றுதான். எப்போதாவது மழை பிடித்துக்கொண்டு யாரும் வராமல் போனால் நிம்மதியாகத் தூங்கி எழுவேன். அன்றைக்குச் சோறு சோறாக ருசிக்கும். ஒரு கையாலேயே மகளுக்குத் தலை சீவிவிடுவேன். வலி இருக்கும், ஆனால் அதுபாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். தூங்காத நாளிலோ வலியையும் என்னையும் தவிர வீட்டில் வேறு யாருமே இல்லாதது போல ஆகிவிடும். மகளைக் காரணமில்லாமல் வைவேன். கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்டப் பேசுறேன்" என்றார். அம்மா முன்னால் போனால் அவர் வாயில் கொழுக்கட்டைதான்.

ஒருநாள் காய்ச்சல் கொதித்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூங்கினால் எழுப்பக் கூடாது என்று மாமியை அதட்டிவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து நான் கண்ணை மூடியிருந்தால் மாமி எழுப்பவில்லை.

ஆனால் வந்தவர்களும் போகவில்லை! நோயாளியிடம் நாலு வார்த்தை பேசாமல் போனால் விசாரித்ததாக ஆகாதாம். "முழிக்கட்டும், இருந்து பாத்துட்டே போறோம்" என்று கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். விழித்தால் பேச வேண்டும். விழிக்காவிட்டால் போக மாட்டார்கள். இத்தனை கண்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவளுக்குத் தூக்கம் வரும்? தூங்குவது போலக் கிடந்தேன். விழித்திருப்பதைவிட அது பெரிய வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாது, எச்சிலை விழுங்கக்கூட யோசிக்க வேண்டும்.

காது மட்டும் திறந்து கிடந்தது. உட்கார்ந்திருக்கிற வாய்கள் சும்மா இருக்குமா? குடிதண்ணீர்ப் பஞ்சம், அரிசி விலை, யார் வீட்டு மருமகள் என்னென்ன பேசினாள் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றார்கள்.

"என்னமோ கட்டிங்கிறாகளே?"

"கட்டியாவது ஒண்ணாவது. புத்து நோயாம். இவளுக்குத் தெரியாது, சொல்லிப்புடாதீக."

எனக்கு வந்தது இன்னதென்று தெரிந்தது அப்படித்தான். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கண்ணைத் திறந்தால் இத்தனை நாள் நடித்தது தெரிந்து மானம் போய்விடும். கட்டை மாதிரிக் கிடந்தேன். கண்ணோரம் நீர் மட்டும் இறங்கியது. யாரோ முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "தூக்கத்துலயும் அழுகுறா, பாவம்" என்றார்கள்.

அதற்குப் பிறகு எந்தத் தூக்கமும் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சொல் வந்து நின்றது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். உடம்பு நாளுக்கு நாள் துவண்டது. நோய் தின்கிறது என்றார்கள். தூக்கமில்லாமைதான் என்னைத் தின்றது. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஒரு மத்தியானம் வெளியாட்கள் எல்லாரும் போன பின்னால் என் மதினி, அதாவது கணவரின் அக்கா, வந்தார். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கிடந்தேன். அவர் தன் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நிலக்கோட்டையில ஒரு பொண்ணு இருக்காம்மா. ஏழைப்பட்ட எடம். தம்பியும் எம்புட்டு நாளைக்கு இப்படியே இருக்கும்?"

மாமி "சீ, வாயை மூடு" என்பார் என்று காத்திருந்தேன்.

"பொண்ணு எப்படி?" என்றார் மாமி.

எனக்குள் என்னவோ அறுந்தது. வந்த கோபத்தில், புருஷன் போய்விடுவானே என்ற பயம்கூட இரண்டாவதாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தேன்.

"பொண்ணப் பாருங்க மாமி, வேணாங்கல. அதுக்கு முன்னாடி என்னைய ஒரே ஒரு மத்தியானம் தூங்க விடுங்க. இந்தப் புத்து நோய்க்காரிக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மதினி துப்பட்டியைப் போர்த்தியும் போர்த்தாமலும் தெருவில் இறங்கி நடந்தார். மாமி அப்படியே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய், பட்டப்பகலில் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சற்று நேரத்தில் யாரோ தட்டினார்கள்.

"தூங்குறா. இன்னைக்கு யாரையும் பாக்க மாட்டா" என்றார் மாமி, கதவைத் திறக்காமலே.

"ஆத்தூர்லருந்து வந்துருக்கோம்க்கா!"

"வந்ததே நன்மைதான். போயிட்டு வாங்க."

அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். கனவு இல்லை, வலி இல்லை. அப்படி ஒரு தூக்கம்.

மேலுதட்டில் ஏதோ படுவது போலிருந்தது. விழித்தேன். மாமியின் விரல் என் மூக்குக்குக் கீழே நின்றது, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

"இருக்கேன் மாமி" என்றேன்.

"தெரியுது" என்றார். "நீ தூங்கு. நான் இங்கனதான் இருக்கேன்."

கண்ணை மூடினேன். செத்த நேரத்தில் அந்த விரல் மறுபடியும் வந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும்படி மூச்சைக் கொஞ்சம் பலமாகவே விட்டேன்.