காலை நேரத்து மாமா

என் அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விடிவதற்கு முன்பே எழுந்து, விசிலடித்துக்கொண்டே பயிற்சிக் காரைக் கழுவி, முதல் மாணவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். அந்த நேரத்தில் அவரைப் பார்ப்பவர்கள் தங்கமான மனுஷன் என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு பார்ப்பவர்கள் நாங்கள்தான். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம்.

மாலை ஆக ஆக மாமாவுக்குப் பேச்சு குறைந்துகொண்டே போகும். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் "ம்" மட்டும்தான் வரும். இரண்டாவது கேள்வி கேட்டால் எரிந்து விழுவார். அக்கா நேர் எதிர். அவளுடைய அழகு நிலையம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். விளக்குப் போடும் நேரத்தில்தான் அவளுக்கு முகமே மலரும். கடையை மூடிவிட்டு, வாயெல்லாம் பல்லாக, வண்டி வண்டியாகக் கதைகளோடு வருவாள். கேட்க வேண்டியவர் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் அவர் சிரித்த முகமாக ஏதாவது கேட்பார். அவள் போர்வைக்குள்ளிருந்து வள்ளென்று விழுவாள்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஊரின் ஓரவஞ்சனைதான். சீக்கிரம் எழுந்தால் ஒழுக்கம், தாமதமாக எழுந்தால் சோம்பேறித்தனம். மாமாவின் அம்மாவும் அக்காவை அப்படித்தான் குத்திக்காட்டுவார். இருட்டிய பிறகு தன் அருமை மகனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

ஒருநாள் அக்காவிடம் முடி வெட்டிக்கொள்ள வந்த வங்கி மேனேஜரம்மா, தனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமாவைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லையாம். வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைத்தாராம். அக்கா கத்தரிக்கோலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாளாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனுஷனை அவள் பார்த்ததே இல்லை.

அன்று நேராக மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "ஊருக்கெல்லாம் நல்லவரா இருக்காரு. எனக்கு மட்டும் மிச்சம் மீதிதான்டி கிடைக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு மாமா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரமே மாமா வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளியில், அவருடைய காலை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். கேள்விப்பட்ட மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் துணைக்கு என்னையும் பின் சீட்டில் உட்கார வைத்தாள்.

தூக்கம் தெளியாத முகத்தோடு அவள் கிளட்ச்சை விட்ட வேகத்தில் கார் குதித்து நின்றது. மறுபடியும் குதித்தது. மறுபடியும் நின்றது. ஸ்டியரிங்கை ஓங்கி அடித்துவிட்டு, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று மாமா மீதே பாய்ந்தாள். மாமா தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"பரவாயில்ல. ரோடு எங்கயும் ஓடிப்போகாது. மெதுவா காலை எடுங்க."

மனைவியைப் போய் 'எடுங்க' என்றார், பழக்கதோஷம். அக்கா திரும்பி அவரையே பார்த்தாள்.

"இதுல கால்வாசி சாயங்காலம் என்கிட்ட பேசினா என்ன?"

"இப்ப நீ எப்படி இருக்கியோ, சாயங்காலம் நான் அப்படித்தான். வேணும்னு செய்யறதில்ல" என்றார் மாமா.

அக்கா மறுபடி சாவியைத் திருப்பி, மெதுவாகக் காலை எடுத்தாள். எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. மனுஷனுக்கு ஒரே குணம்தான் என்று யார் சொன்னது? நேரத்துக்கு ஒன்று இருக்கும்போல.

அதற்குப் பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே தினமும் போனாள். கடைக் கதைகளையெல்லாம் காரில்தான் சொல்வாள். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். மாலையில் அதே சோபா, அதே குறட்டை. அவளும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

இப்போது நன்றாகவே ஓட்டுகிறாள். தேறிய மாணவரை ஒருநாள்கூடக் கூடுதலாக வைத்துக்கொள்ளாதவர் மாமா. போன வாரம் இரண்டு கார்களுக்கு நடுவே, இருந்த துளி இடத்தில், அக்கா ரிவர்ஸில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அதைப் பார்த்த பயிற்சிப் பள்ளிப் பெண், லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அக்கா பெயரை அனுப்பிவிடலாமா என்று கேட்டாள்.

மாமா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரிவர்ஸ் இன்னும் சரியா வரல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

தன்னைக் குறை சொன்னவரைச் சும்மா விட்டே பழக்கமில்லாத என் அக்கா, "ஆமா, எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.