அரை செகண்டில் விழுந்த கை

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் சின்ன பவர்லூம் கூடம் அது. எட்டுத் தறி. வெளியூர் பார்ட்டிக்கு அனுப்ப முதலாளிக்குப் படங்கள் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் உறைய வைத்தே சலித்துப்போயிருந்த நான், அன்று ஓட்டத்தைப் பிடித்துவிடும் வெறியோடு போனேன்.

ஷட்டர் அரை செகண்ட். அவ்வளவு நேரம் திறந்திருந்தால் ஓடும் தறி வெள்ளைப் புகையாகக் கரையும். நிற்கும் மனிதர் மட்டும் தெளிவாக விழுவார். ஆனால் தறி அடிக்கிற அடியில் தரையே அதிர்ந்தது. முதல் இருபது படத்தில் தூண்கூட ஆடியது. கழிவுத் துணியை மடித்து ட்ரைபாட் கால்களுக்கு அடியில் வைத்தேன். தூண் நின்றது.

கூடத்தின் மூத்த தறிக்காரர் முத்தையா அண்ணாச்சியை அவர் தறியோரம் நிறுத்தினேன். இடது கையைக் கைலி மடிப்புக்குள் செருகியிருந்தார்.

"கைய வெளிய தொங்க விடுங்க அண்ணாச்சி. அசையாம நில்லுங்க."

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு நேரம் நின்னதில்ல தம்பி."

பக்கத்துத் தறி அக்கா விடவில்லை. "அன்னைக்கு நீங்க ஓடத்தான பாத்தீய!"

எடுத்தேன். தறிகள் புகை. முகம் கல்லில் வெட்டியதுபோல. இடது கை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து கைகளாகக் கலைந்திருந்தது.

"கைய ஆட்டாதீங்க அண்ணாச்சி."

"ஆட்டலையே தம்பி."

திரும்ப எடுத்தாலும் அதேதான். எனக்கோ சந்தோஷம். நெசவே கையாகிவிட்டது என்று என்னென்னவோ தோன்றியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

அவர் தறியைப் பார்க்கவில்லை. பெரிதாக்கிக் கையைப் பார்த்தார்.

"தூணு நிக்கி, மூஞ்சி நிக்கி. கை மட்டும் ஏன் இப்படி?" அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "கைய நீட்டும்."

நீட்டினார். நடுங்கியது.

"எம்புட்டு நாளா?"

"நாலு மாசம் இருக்கும் மொதலாளி. வேலையில ஒண்ணும் கொறையில்ல. இழை அறுந்தா இப்பவும் நான்தான் மொதல்ல முடியுதேன்."

"தறிக்குள்ள கை போச்சுன்னா உம்ம வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல? நாளையில இருந்து பண்டல் கட்டப் போயிரும்."

முதலாளி சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அண்ணாச்சி போய்த் தன் தறியை நிறுத்தினார். அத்தனை இரைச்சலில் ஒன்று குறைந்தது காதுக்குத் தெரிந்தது.

வாசலில் என்னிடம் சொன்னார்: "வீட்லகூடச் சொல்லல தம்பி. கைலிக்குள்ள வச்சே சமாளிச்சிட்டேன். நீங்கதான வெளிய விடச் சொன்னீய."

திட்டியிருந்தால் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, ஷட்டர் கணக்கை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். படத்தை முதலில் அதில் நிற்பவருக்குக் காட்டுங்கள். பிறகுதான் மற்றவர்களுக்கு. டாக்டரிடம் போவதா, வீட்டில் சொல்வதா, முதலாளியிடம் தானே போய் நிற்பதா என்று யோசிக்க ஒரு ராத்திரியாவது அவருக்கு வேண்டும். முத்தையா அண்ணாச்சிக்கு அந்த ஒரு ராத்திரியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.